ஐஈஎல்டிஎஸ் டாஸ்க் 1: சார்ட்ல இருக்கிற எண்ணெல்லாம் எழுதணுமா, ஒப்பிட்டு எழுதுறதுன்னா எப்படி?

மதுரை_செவிலி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ், யூகே போறதுக்காக ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் தேர்வுல அகாடமிக் எழுதிட்டு இருக்கேன். அங்க நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7 வேணும், ரைட்டிங்ல 6.5 இருந்தா போதும். மத்ததெல்லாம் வந்துடுது, ரைட்டிங் மட்டும் 6ல நிக்குது. டாஸ்க் 2 கட்டுரை ஓரளவுக்கு வருது, படத்தைப் பார்த்து விவரிக்கிற இந்த டாஸ்க் 1 சார்ட் வந்தாதான் எதைச் சொல்றது எதை விடுறதுன்னே தெரியல.

ப்ராக்டிஸுக்கு நம்ம நாட்டு சென்சஸ் எழுத்தறிவு விகிதத்தை எடுத்து நானே லைன் கிராஃப் போட்டு வச்சிருக்கேன். எண்ணெல்லாம் சதவீதம், முதல்ல ஆண் அடுத்தது பெண்:

1951: 27.16, 8.86
1961: 40.40, 15.35
1971: 45.96, 21.97
1981: 56.38, 29.76
1991: 64.13, 39.29
2001: 75.26, 53.67
2011: 82.14, 65.46

2011 எண் அப்போ முதல்ல வெளியிட்ட ப்ரொவிஷனல் கணக்கு. இதை வச்சு எழுத உக்காந்தா 1951ல இவ்வளவு, 1961ல இவ்வளவுன்னு வரிசையா போகுது, 150 வார்த்தையும் வந்துடுது, ஆனா படிச்சா எனக்கே பிடிக்கல. ஒப்பிட்டு எழுதுங்கன்னு கேள்வியிலயே போட்டிருக்காங்க, எதை எதோட ஒப்பிடுறது? ஆணோட பெண்ணையா, 1951ஓட 2011ஐயா, ரெண்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பேண்டு_வேட்டை

தோழி ரொம்ப யோசிக்காதீங்க, டெம்ப்ளேட் ஒண்ணு மனப்பாடம் பண்ணிக்கோங்க. முதல் பாராவுல 'தி கிவன் லைன் கிராஃப் இல்லஸ்ட்ரேட்ஸ்', ரெண்டாவதுல 'இட் இஸ் கிறிஸ்டல் க்ளியர் தட்', அப்புறம் 'டு பிகின் வித்', 'மூவிங் ஃபர்தர்', கடைசியில 'டு ரீகேபிடுலேட்'. நடுவுல எண்ணைப் போட்டு நிரப்புனா முடிஞ்சது. எங்க கோச்சிங்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுறோம், 20 நிமிஷத்துல முடிக்கணும்னா வேற வழி இல்ல.

ஈரோடு_ட்யூட்டர்

பேண்டு வேட்டை தம்பி, கோச்சுக்காதீங்க, இந்த அறிவுரையை நான் முழுசா மறுக்கணும், ஏன்னா 6லயே மாட்டிக்கிறவங்க நிறைய பேர் இந்த வழியிலதான் மாட்டுறாங்க. 'கிறிஸ்டல் க்ளியர்' வகையறா வாக்கியம் எந்த சார்ட்டுக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த சார்ட்டைப் பத்தியும் அது ஒண்ணும் சொல்லல. எக்ஸாமினர் ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர்ல அதைப் பார்ப்பாருன்னு நினைச்சுப் பாருங்க. கேள்வியில இருக்கிற வாக்கியத்தை அப்படியே திருப்பி எழுதினாலும் அது கணக்குல வராது.

மதுரை செவிலிம்மா, உங்க கேள்விக்கு வர்றேன். பேண்டு டிஸ்க்ரிப்டர், அதாவது எந்த மார்க்குக்கு எப்படி எழுதியிருக்கணும்னு சொல்ற பட்டியலை, யாரும் இலவசமா டவுன்லோட் பண்ணிப் படிக்கலாம், மொதல்ல அதைப் படிங்க. டாஸ்க் அச்சீவ்மென்ட் (கேட்டதைச் செஞ்சிருக்கோமா), கோஹீரன்ஸ் (கோர்வை), வொக்காபுலரி, கிராமர்னு நாலு அளவுகோல், நாலுக்கும் சம மதிப்பு. டாஸ்க் அச்சீவ்மென்ட் வரிசையில பேண்டு 5 பக்கத்துல என்ன இருக்குன்னா, விவரத்தை பெரும்பாலும் இயந்திரத்தனமா அடுக்குறாங்க, மொத்தப் படத்தைச் சொல்லாம விவரத்துலயே நிக்கலாம்னு இருக்கும். பேண்டு 7ல தெளிவான ஓவர்வியூ, அதாவது மொத்தப் படத்தோட சுருக்கம் இருக்கு, தரவை வகை பிரிச்சிருக்காங்க, முக்கியமான போக்கையும் வித்தியாசத்தையும் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு இருக்கும். நீங்க வரிசையா எழுதுறேன்னு சொன்னீங்களே, அது அந்த அஞ்சாம் படியோட வர்ணனைதான். இங்கிலீஷ் நல்லா இருந்தும் மார்க் ஏறாததுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நீங்க தினமும் செய்யிற வேலையையே எடுத்துக்கோங்க. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த சிஸ்டருக்கு ஹேண்டோவர் குடுக்கிறீங்கல்ல, அப்போ ராத்திரி பூரா எடுத்த பிபி ரீடிங் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்ட மாட்டீங்க. நைட் ஃபுல்லா ஸ்டெடியா இருந்துச்சு, விடியக்காலம் 4 மணிக்கு மேல இறங்க ஆரம்பிச்சது, கடைசி ரீடிங் இவ்வளவுன்னு சொல்வீங்க. டாஸ்க் 1ல கேக்குறது அதேதான். சார்ட் எக்ஸாமினர் கையில இருக்கு, அவருக்கு எண் வேண்டாம், நீங்க அதுல என்ன பார்த்தீங்கன்னுதான் வேணும்.

உங்க கிராஃபைப் பாருங்க. ரெண்டு கோடும் ஏறுது, இதை யாரும் ஒரே நொடியில சொல்லிடுவாங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி என்ன ஆகுதுன்னு பாருங்க. 1951ல 18.3. 1961ல 25. அப்புறம் 24, 26.6, 24.8, 21.6, கடைசியில 16.7. இடைவெளி மொதல்ல விரிஞ்சு, 1981ல உச்சத்துக்குப் போய், அதுக்கப்புறம் சுருங்கி, 2011லதான் ஆரம்பிச்ச அளவுக்குக் கீழ வருது. இதுதான் இந்தப் படத்துல இருக்கிற கதை. அது எந்த வருஷத்துக்கும் நேரா எழுதியிருக்காது, கழிச்சுப் பார்த்தாதான் தெரியும். ஒப்பிடுறதுன்னு அவங்க சொல்றது இதைத்தான்.

அப்புறம் அந்தக் கடைசி 'டு ரீகேபிடுலேட்' பாராவை விட்டுடுங்க. டாஸ்க் 1க்கு முடிவுரை கிடையாது, ஓவர்வியூதான் அந்த வேலையைச் செய்யுது.

மதுரை_செவிலி

சார் கோடி நன்றி, ஹேண்டோவர்னு சொன்னதும் பட்டுனு புரிஞ்சுடுச்சு. ஆனா சந்தேகம் இருக்கு. ஓவர்வியூ முதல் பாராவுக்கு அடுத்து எழுதணுமா கடைசியிலயா? அதுல எண் வரலாமா? அப்புறம் 14 எண் இருக்கே, எத்தனையை எழுதணும்?

ஈரோடு_ட்யூட்டர்

ஓவர்வியூ எங்க வச்சாலும் தப்பில்ல. நான் ரெண்டாவது பாராவா வைக்கச் சொல்வேன், ஏன்னா கடைசிக்குன்னு விட்டா நேரம் இல்லாம போயிடும், ஓவர்வியூ இல்லாத பதில் 6க்கு மேல போறது ரொம்பக் கஷ்டம். அதுல எண் வேண்டாம். ரெண்டு வாக்கியம் போதும்: அறுபது வருஷத்துல ரெண்டு பேருக்கும் எழுத்தறிவு பெருசா உயர்ந்துச்சு, ஆண்கள் எப்பவும் மேல இருந்தாங்க, இடைவெளி முதல்ல கூடுச்சு, பிற்பாதியில தெளிவா குறைஞ்சுச்சு. அவ்வளவுதான்.

எத்தனை எண்ணுன்னு கணக்கு வச்சுக்காதீங்க. தொடக்கம், முடிவு, போக்கு மாறுற இடம், இது மூணும் வந்துடணும். இங்க மாறுற இடம் 1981. மத்த வருஷத்தை நீங்க சொல்ற கதைக்குத் தேவைப்பட்டா மட்டும் தொடுங்க. 1971ல ஆண் 45.96ங்கிறதை எழுதாம விட்டா யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. எண்ணை ரவுண்ட் பண்றதும் நல்லது, 'ஜஸ்ட் ஓவர் 27 பெர்சென்ட்'னு எழுதினா வாக்கியம் ஓடும்.

எண்_பித்தன்

நான் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவன், இங்கிலீஷ் டீச்சர் இல்ல, ஆனா இந்த டேட்டா ரொம்ப அழகான டேட்டா, அதனால சும்மா போக முடியல. ட்யூட்டர் சார் இடைவெளியைச் சொன்னாரு, அது கழித்தல். அதையே வகுத்துப் பாருங்க, வேற படம் வரும். 1951ல ஆண்களோட விகிதம் பெண்களோடதை விட மூணு மடங்கு. 2011ல ஒண்ணேகால் மடங்கு. அதாவது கழிச்சுப் பார்த்தா 18.3ல இருந்து 16.7, பெரிய மாற்றமே இல்லாத மாதிரி தெரியுது, வகுத்துப் பார்த்தா தலைகீழ் மாற்றம். ஏத்தத்துலயும் அப்படித்தான், ஆண்கள் 55 புள்ளி ஏறியிருக்காங்க, பெண்கள் 56.6 புள்ளி, கிட்டத்தட்ட சமம். ஆனா ஆண்களோடது மூணு மடங்காச்சு, பெண்களோடது ஏழு மடங்குக்கும் மேல ஆச்சு.

இன்னொண்ணு, கோட்டை மேல கீழ மட்டும் பார்க்காம பக்கவாட்டுலயும் பாருங்க. 1991ல பெண்கள் இருந்த இடம் 39.29. ஆண்கள் அந்த இடத்தை 1961லயே தாண்டிட்டாங்க, 40.40. அதாவது 30 வருஷம் பின்னாடி. 2011ல பெண்கள் 65.46, அது ஆண்களோட 1991 அளவுக்குக் கொஞ்சம் மேல, ஆக இப்போ 20 வருஷம்தான் பின்னாடி. ஒரே கிராஃப்ல மூணு விதமா ஒப்பிடலாம், மூணும் உண்மை, மூணும் வேற வேற விஷயம் சொல்லுது.

முக்கியமான எச்சரிக்கை: சதவீதமும் சதவீதப் புள்ளியும் ஒண்ணு இல்ல. 2001ல பெண்கள் 53.67, 2011ல 65.46, இது ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளி உயர்வு. 12 சதவீதம் உயர்ந்துச்சுன்னு எழுதினா தப்பு, ஏன்னா 53.67ல 12 சதவீதம்னா ஆறரைக்குக் கீழதான் வரும். 'பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'னு போட்டுட்டா வம்பே இல்ல.

பேண்டு_வேட்டை

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு ப்ரோ, ஆனா பரீட்சை ஹால்ல உக்காந்து கழிச்சு வகுத்துப் பார்க்க நேரம் எங்க இருக்கு? மொத்தமே 60 நிமிஷம், டாஸ்க் 2க்கு ரெண்டு மடங்கு வெயிட்டேஜ், அதுக்கு 40 நிமிஷம் வேணும். மிச்சம் 20 நிமிஷத்துல 150 வார்த்தை எழுதணும். டெம்ப்ளேட் இல்லாம நான் எழுதினா பாதியில நிக்கும். எனக்கு நிஜமாவே கேள்வி, சண்டைக்கு இல்ல.

ஈரோடு_ட்யூட்டர்

நியாயமான கேள்வி தம்பி. நான் பசங்களுக்குச் சொல்றது, முதல் மூணு நாலு நிமிஷம் பேனாவே எடுக்காதீங்க, படத்தை மட்டும் பாருங்க. தலைப்பு, அச்சு, அலகு, வருஷம். கேள்வித்தாள்லயே வட்டம் போடுங்க, அம்பு போடுங்க, கம்ப்யூட்டர்ல எழுதுறவங்களுக்குக் குறிப்பு எழுத தாள் குடுப்பாங்க. அந்த நாலு நிமிஷம் வீணாப் போறதில்ல, என்ன சொல்லப் போறோம்னு முடிவாயிட்டா 150 வார்த்தை பத்து நிமிஷ வேலை. நிமிஷம் கரையறது 'அடுத்து என்ன எழுத'ன்னு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி யோசிக்கும்போதுதான்.

கழித்தலும் துல்லியமா வேண்டாம். படத்துல கோடு ரெண்டும் விலகுதா நெருங்குதான்னு கண்ணாலயே தெரியும். எண் பித்தன் சொன்ன மூணு ஒப்பீடும் அருமை, ஆனா 160, 170 வார்த்தைக்குள்ள மூணையும் திணிக்க வேண்டாம். இடைவெளி விரிஞ்சு சுருங்குனது முதுகெலும்பு, மூணு மடங்கு ஒண்ணேகால் மடங்குங்கிறது ஒரு வாக்கியம், அது போதும்.

நீங்க கேட்ட டெம்ப்ளேட் விஷயத்துல ஒரு பாதியை ஒத்துக்கிறேன். பாரா அமைப்பு மனசுல இருக்கிறது தப்பில்ல: அறிமுகம் ஒரு வாக்கியம், ஓவர்வியூ, விவரம் ரெண்டு பாரா. அமைப்பு இருக்கட்டும், வாக்கியம் மனப்பாடம் வேண்டாம்.

காவிரிக்கரை

நான் ஸ்கூல் டீச்சர், சும்மா வாசிச்சுட்டு இருந்தேன். 1991ல இருந்து 2001க்குள்ள பெண்கள் 14 புள்ளிக்கு மேல ஏறியிருக்காங்களே, இந்தப் பட்டியல்லயே பெண்களுக்கு அதுதான் பெரிய ஏத்தம். எனக்கு அதைப் பார்த்ததும் அறிவொளி இயக்கம்தான் ஞாபகம் வந்துச்சு, புதுக்கோட்டையில ஊர் ஊரா பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்ட காலம் அது. இந்த மாதிரி காரணத்தை எழுதினா மார்க் கூடுமா?

ஈரோடு_ட்யூட்டர்

டீச்சர், நீங்க சொன்னதைப் படிச்சப்போ மனசு நிறைஞ்சுச்சு, ஆனா டாஸ்க் 1ல அதை எழுதக்கூடாது. படத்துல இருக்கிறது மட்டும்தான். காரணம், கருத்து, அரசாங்கம் என்ன செய்யணும்கிறது எல்லாம் டாஸ்க் 2 சமாச்சாரம். அந்தப் பத்து வருஷத்துல பெண்களோட ஏத்தம் மத்த எந்தப் பத்து வருஷத்தையும் விட அதிகம்னு எழுதலாம், அது படத்துல இருக்கு. ஏன்னு எழுதினா அது வெளியில இருந்து கொண்டு வந்தது.

எண்_பித்தன்

ஆமா. இதே டேட்டாவுல 1951, 61, 71 எண்ணெல்லாம் 5 வயசுக்கு மேல உள்ளவங்களை வச்சு, 1981ல இருந்து 7 வயசுக்கு மேல. ஆராய்ச்சிக் கட்டுரைன்னா இதைக் கட்டாயம் சொல்லணும், பரீட்சையில படத்துக்குக் கீழ அப்படிக் குறிப்பு இல்லாத வரைக்கும் சொல்லக்கூடாது.

யாழ்_மாணவி

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன், மாஸ்டர்ஸுக்கு வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் படிக்கிறன். நீங்கள் சொல்லுறது எல்லாம் லைன் கிராஃபுக்கு நல்லா விளங்குது. எனக்குப் பிரச்சினை வருஷமே இல்லாத பார் சார்ட். போன கிழமை பயிற்சிக்கு வந்ததில ஒரே ஆண்டுதான், நாலைஞ்சு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பார். ஏறினது இறங்கினது எண்டு சொல்ல ஒண்டுமே இல்லை, அப்ப என்னத்தை எழுதிறது? கன பேர் அதுக்கும் 'இன்க்ரீஸ்' போட்டு எழுதினம்.

ஈரோடு_ட்யூட்டர்

யாழ் மாணவிம்மா, இது ரொம்ப முக்கியமான இடம். ஒரே வருஷம்னா எதுவும் ஏறல, இறங்கல. அங்க 'ரோஸ்', 'ஃபெல்' எதுவும் வரக்கூடாது, 'ஹையர் தன்', 'லோயர் தன்', 'தி ஹையஸ்ட்' மாதிரி மட்டும்தான். ஒரு பார் உயரமா இருக்குன்னா அது வளர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

எண் பித்தன், மாநில வாரியா 2011 கணக்கு உங்ககிட்ட இருக்குமே, நாலு மாநிலம் எடுத்துப் போடுங்களேன், அதை வச்சே பேசலாம்.

எண்_பித்தன்

இதோ, அதே ப்ரொவிஷனல் கணக்குல இருந்து, ஆண் முதல்ல பெண் அடுத்து:

கேரளா: 96.02, 91.98
தமிழ்நாடு: 86.81, 73.86
ராஜஸ்தான்: 80.51, 52.66
பீகார்: 73.39, 53.33

மொத்தமா பார்த்தா கேரளா 93.91, தமிழ்நாடு 80.33, பீகார் 63.82, நாட்டுலயே மேல இருக்கிறது கேரளா, கீழ இருக்கிறது பீகார். எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா பெண்களை மட்டும் பாருங்க, கீழ இருக்கிறது பீகார் இல்ல, ராஜஸ்தான். ராஜஸ்தான் ஆண்கள் பீகார் ஆண்களை விட 7 புள்ளி மேல, ஆனா ராஜஸ்தான் பெண்கள் பீகார் பெண்களை விடக் கொஞ்சம் கீழ. இடைவெளி கேரளாவுல வெறும் 4, தமிழ்நாட்டுல 13, பீகார்ல 20, ராஜஸ்தான்ல கிட்டத்தட்ட 28. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கேரளா பெண்கள் தமிழ்நாட்டு ஆண்களை விடவே 5 புள்ளி மேல இருக்காங்க.

ஈரோடு_ட்யூட்டர்

பாத்தீங்களா, எட்டே எட்டு எண், எத்தனை விஷயம் சொல்லுது! மாணவிம்மா, இப்போ எழுதும்போது மாநிலத்துக்கு ஒரு வாக்கியம்னு போகாதீங்க, அது மறுபடியும் அடுக்குறதுதான். குழுவா பிரிங்க. ஒரு பாராவுல ரெண்டு பேருக்கும் உயரமா இருக்கிற, இடைவெளி கம்மியா இருக்கிற கேரளா, அதோட தமிழ்நாடு. இன்னொரு பாராவுல இடைவெளி பெருசா இருக்கிற ரெண்டு வடமாநிலம், அவை ஒண்ணுக்கொண்ணு இடம் மாறுற விஷயம். ஓவர்வியூல ரெண்டே வரி: நாலு இடத்துலயும் ஆண்கள் மேல, ஆனா இடைவெளி இடத்துக்கு இடம் ரொம்ப மாறுது. எதிர்பார்த்ததுக்கு மாறா ஒரு எண் நின்னா அதைக் கட்டாயம் எழுதுங்க, இங்க அது ராஜஸ்தான் பெண்கள்.

யாழ்_மாணவி

ஐயோ சேர், இப்பதான் விளங்குது. நான் இவ்வளவு நாளும் இடத்தால பிரிச்சு எழுதினனான், ஒரு இடம் முடிய அடுத்த இடம். எண்களின்ர குணத்தால பிரிக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல. மிச்சம் நன்றி.

சேலம்_பையன்

நான் கனடா பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) போடப் போறேன், எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியா. இந்த சார்ட் எல்லாம் நானும் படிக்கணுமா?

பேண்டு_வேட்டை

இல்ல ப்ரோ, அதுக்கு ஜெனரல் ட்ரெயினிங்தான், அதுல டாஸ்க் 1 லெட்டர் எழுதுறது. சார்ட் அகாடமிக்ல மட்டும்தான். புக் பண்ணும்போது எதுன்னு பார்த்து பண்ணுங்க.

மெல்போர்ன்_கனவு

நான் பிடிஈங்கிற இன்னொரு இங்கிலீஷ் தேர்வு எழுதுறேன், அங்க டிஸ்க்ரைப் இமேஜ்னு ஒண்ணு வரும், சார்ட்டைப் பார்த்து பேசணும். பார்க்க 25 செகண்ட், பேச 40 செகண்ட். நீங்க 20 நிமிஷம் பத்தலைன்னு சொல்றீங்க, எனக்கு மொத்தமே ஒரு நிமிஷம் அஞ்சு செகண்ட். ஆனா இந்த இழையைப் படிச்சப்புறம் ஒண்ணு பண்ணிப் பார்த்தேன், அந்த 25 செகண்ட்ல எண்ணையே படிக்காம உயரமானது எது, குட்டையானது எது, ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னு மட்டும் பார்த்தேன், பேச்சு திக்காம வருது. ஐஈஎல்டிஎஸ் ஆளுங்களும் வாயால சொல்லிப் பார்த்துட்டு எழுதலாம், நல்ல பயிற்சி.

இலக்கணப்புலி

எல்லாரும் எதைச் சொல்றதுன்னு பேசுறீங்க, எப்படிச் சொல்றதுன்னும் கொஞ்சம் பேசணும், ஏன்னா நம்ம ஆளுங்க ஒரே இடத்துலதான் சறுக்குறோம். நான் நிறைய பேருக்குத் திருத்திக் குடுத்திருக்கேன், அதுல அடிக்கடி பார்க்கிறது.

'இன்க்ரீஸ்டு டு 65' வேற, 'இன்க்ரீஸ்டு பை 65' வேற. முன்னது போய்ச் சேர்ந்த இடம், பின்னது ஏறின தூரம். ரெண்டையும் மாத்திப் போட்டா கிராமர் தப்பு மட்டும் இல்ல, தகவலே தப்பாயிடும், ரெண்டு அளவுகோல்ல அடி விழும்.

ஒப்பிடும்போது அதே வகையோட ஒப்பிடணும். பெண்களோட எழுத்தறிவு விகிதம் ஆண்களை விடக் குறைவுன்னு தமிழ்ல சொன்னா புரியும், இங்கிலீஷ்ல அப்படியே எழுதினா விகிதத்தை மனுஷங்களோட ஒப்பிட்ட மாதிரி ஆகும். 'லோயர் தன் தட் ஆஃப் மென்' வரணும். இந்த 'தட் ஆஃப்' சரியா வந்தாலே எழுதினவங்க கை பழகின கைன்னு தெரியும்.

லட்சம், கோடி எழுதாதீங்க. 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். மனசுல கோடியா யோசிச்சு கையில மில்லியன் எழுதும்போது ஒரு சைபர் தப்பிடும், கவனமா இருங்க. அச்சுல 'இன் மில்லியன்ஸ்'னு போட்டிருந்தா 361ங்கிறது முந்நூத்தி அறுபத்தொண்ணு பேர் இல்ல.

காலமும் பார்க்கணும். 1951ல இருந்து 2011னா கடந்த காலம் மட்டும். 2050 வரைக்கும் போற கோடுன்னா வரப்போற பகுதிக்கு 'இஸ் ப்ரொஜெக்டட் டு' மாதிரி எழுதணும், நடந்து முடிஞ்ச மாதிரி எழுதக்கூடாது.

அப்புறம் அலங்கார வார்த்தை. கொஞ்சமா ஏறினதுக்கு 'ஸ்கைராக்கெட்டட்', ஒரு புள்ளி இறங்கினதுக்கு 'ப்ளம்மெட்டட்' போடுறாங்க. வொக்காபுலரி மார்க் பெரிய வார்த்தைக்கு இல்ல, பொருந்துற வார்த்தைக்குத்தான். 1981ல இருந்து 2011 வரைக்கும் பெண்களோட கோடு ஏறினது 'ஸ்டெடிலி', அதுக்கு மேல ஜிகினா வேண்டாம்.

மதுரை_செவிலி

இலக்கணப்புலி சார், 'பை', 'டு' விஷயத்தை நோட்ல பெருசா எழுதி வச்சுட்டேன். எனக்கு பை சார்ட்டும் பயம், அதுவும் ரெண்டு பை பக்கத்துல பக்கத்துல குடுத்து ரெண்டு வருஷம் போட்டிருப்பாங்க. அதுக்கு யாராவது சொல்லுங்களேன்.

எண்_பித்தன்

பை சார்ட்ல ஒரே பெரிய பொறி, பங்கு குறைஞ்சா அளவும் குறைஞ்சதுன்னு நினைக்கிறது. இதுக்கும் நம்ம சென்சஸே போதும். 1951ல நாட்டு ஜனத்தொகையில கிராமத்துல இருந்தவங்க 82.7 சதவீதம், நகரத்துல 17.3. 2011ல கிராமம் 68.8, நகரம் 31.2. ரெண்டு பையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா கிராமம் சுருங்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா மொத்த ஜனத்தொகை 36.1 கோடில இருந்து 121 கோடி ஆயிடுச்சு. அதனால கிராமத்து ஆட்கள் எண்ணிக்கை சுமார் 30 கோடில இருந்து 83 கோடிக்கு ஏறியிருக்கு. பங்கு இறங்குச்சு, ஆட்கள் ரெண்டே முக்கால் மடங்கு ஆனாங்க.

ரெண்டு பைக்கும் கீழ மொத்த எண் குடுத்திருந்தா அதைக் கட்டாயம் பயன்படுத்துங்க. குடுக்கலைன்னா 'ஷேர்', 'ப்ரொபோர்ஷன்'னு மட்டும் எழுதுங்க, 'நம்பர்'னு எழுதவே கூடாது, ஏன்னா எண்ணிக்கை என்ன ஆச்சுன்னு அந்தப் படத்துக்குத் தெரியாது.

காவிரிக்கரை

இது பரீட்சைக்கு மட்டும் இல்லங்க. டிவில, வாட்ஸ்அப்ல தினம் ஒரு பை சார்ட் வருது, பங்கைக் காட்டி எண்ணிக்கையைப் பேசுறாங்க. என் பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு இந்த கிராம நகரக் கணக்கை நாளைக்கே போடப் போறேன்.

மதுரை_செவிலி

நேத்து நைட் ட்யூட்டி முடிச்சுட்டு வந்து எழுத்தறிவு கிராஃபை மறுபடி எழுதினேன். இங்க தமிழ்லயே சுருக்கமா போடுறேன், அமைப்பு சரியான்னு மட்டும் பாருங்க சார்.

அறிமுகம்: 1951க்கும் 2011க்கும் நடுவுல இந்தியாவுல ஆண் பெண் எழுத்தறிவு விகிதம் எப்படி மாறுச்சுன்னு படம் காட்டுது.

ஓவர்வியூ: ரெண்டு விகிதமும் காலம் பூரா உயர்ந்துச்சு, ஆண்கள் கடைசி வரைக்கும் மேல. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி முதல் முப்பது வருஷத்துல கூடி, அடுத்த முப்பது வருஷத்துல குறைஞ்சுச்சு.

முதல் விவரப் பாரா: 1951ல ஆண்கள் 27 சொச்சம், பெண்கள் 9க்குக் கீழ, மூணு மடங்கு வித்தியாசம். முதல் பத்து வருஷத்துல ஆண்கள் 13 புள்ளி ஏற, பெண்கள் அதுல பாதிதான். 1981ல இடைவெளி உச்சத்துல, கிட்டத்தட்ட 27 புள்ளி.

ரெண்டாவது விவரப் பாரா: அதுக்கப்புறம் பெண்களோட விகிதம் ஒவ்வொரு பத்து வருஷமும் ஆண்களோடதை விட வேகமா ஏறுச்சு. 1991ல இருந்து 2001க்குள்ள 14 புள்ளி, அதுதான் அவங்களோட பெரிய ஏத்தம். 2011ல 65க்கு மேல வந்து, ஆண்களோட 82க்கு 17 புள்ளி கிட்டப் போச்சு.

ஈரோடு_ட்யூட்டர்

அருமைம்மா. 14 எண்ணுல நேரடியா நாலுதான் எடுத்திருக்கீங்க, மத்ததெல்லாம் நீங்களே படத்துல இருந்து எடுத்த வித்தியாசம். இதுதான் தேர்ந்தெடுக்கிறது.

ஒரு திருத்தம். ஓவர்வியூல இடைவெளி முதல் முப்பது வருஷத்துல கூடுச்சுன்னு போட்டிருக்கீங்க, ஆனா 1961ல இருந்து 1971க்குள்ள அது 25ல இருந்து 24க்கு லேசா இறங்கியிருக்கு. தொடர்ந்து கூடுச்சுன்னு படிச்சா தப்பாயிடும். 1951ஐ விட 1981ல இடைவெளி அதிகமா இருந்துச்சு, அதுக்கப்புறம் தொடர்ந்து குறைஞ்சுச்சுன்னு மாத்துங்க. கடைசி வரியில '17 புள்ளி கிட்டப் போச்சு'ன்னா 17 புள்ளி நெருங்கினாங்கன்னும் படிக்கலாம், வித்தியாசம் 17 புள்ளியா சுருங்குச்சுன்னு தெளிவா எழுதுங்க, இலக்கணப்புலி சொன்ன 'டு', 'பை' கதைதான் இது. இங்கிலீஷ்ல எழுதும்போது 170 வார்த்தைக்கு மேல போக வேண்டாம், மிச்ச நேரத்தை டாஸ்க் 2க்குக் குடுங்க.

பேண்டு_வேட்டை

ட்யூட்டர் சார், நானும் அதே கிராஃபை 'கிறிஸ்டல் க்ளியர்' இல்லாம எழுதிப் பார்த்தேன். 19 நிமிஷம் ஆச்சு. முதல் நாலு நிமிஷம் சும்மா பார்த்துட்டு இருக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு, கை பரபரன்னு இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் நிக்கல. அடுத்தது மாநில பார் சார்ட்டை எழுதிப் போடுறேன், திருத்திக் குடுங்க.

யாழ்_மாணவி

நானும் அதையே எழுதிப் போடுறன், ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ சேர். டாஸ்க் 1ல மேப்பும் ப்ராசஸ் படமும் வரும், அதுக்கு எண்ணே இல்லாதபடியால் வேற இழையில கேக்கிறன்.